ஐந்தாம் துளை

கெமியில் கடல் உறைந்த வாரம்
நகராட்சிச் செவிலி மர்யுக்கா
இரண்டு மணிக்கட்டுப் பட்டைகளோடு வந்தாள்.
இரண்டும் சாம்பல் நிறம்.
உள்பக்கம் பெயர் ஒட்டியிருந்தது: தவுனோ, ரைலி.
நடையை எண்ணும், உறக்கத்தை அளக்கும்,
இரவில் எத்தனை முறை எழுந்தீர்களென்று
கேட்காமலே அறியும்.
சவுனாவுக்குள் மட்டும் கழற்றிவிடுங்கள் என்றாள்.
பன்னிரண்டு வாரம். பிறகு ஒரு கடிதம் வரும்.

எனக்கு இதில் வியப்பில்லை.
பனிக்கட்டி உடைக்கும் கப்பலின் வயிற்றுக்குள்
முப்பத்தோரு வருஷம் கிடந்தவன்.
நான்காம் சிலிண்டர் இருமுவதற்கு
ஒரு மாதம் முன்பே தொண்டையைச் செருமும்.
கேட்கத் தெரிந்தவனுக்குக் கேட்கும்.
இந்தப் பட்டையும் அதைச் செய்தால்
தொழில் தெரிந்த பட்டை, அவ்வளவுதான்.

முதல் வியாழன்
கைப்பேசி ஒரு சந்தையின் படத்தைக் காட்டியது.
பார்ப்பதைச் சொல்லுங்கள் என்றது.
மீன், என்றாள் ரைலி. குடை. நாய்.
நாயைத் திட்டுகிற ஆள்.
தராசின் மேல் விரலை வைத்தாள்.
அந்த...
அந்த, இரண்டையும் ஒன்றாக்குமே, அது.
கைப்பேசி பொறுமையாகக் காத்திருந்தது.
அந்தப் பொறுமைதான் என்னைப் பயமுறுத்தியது.
அது எண்ணிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அவள் தூங்கியபின்
பட்டைகளை மாற்றிக் கட்டினேன்.

பன்னிரண்டு வாரமும் அவளுக்காக நடந்தேன்,
தபால் பெட்டிவரை, பனிமேட்டைச் சுற்றி,
வழுக்கும் படிகளில் ஒரே சீராக.
அவள் மூன்று மணிக்கு எழுந்து
கதவுப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியதெல்லாம்
என் கணக்கில் ஏறியது.
பெண்டாட்டி பட்ட கடனை
தன் பேருக்கு மாற்றிக்கொள்வதில்லையா ஒருவன்?

மார்ச்சில் கடிதம் வந்தது.
ரைலி: கவலைப்படும்படி மாற்றம் இல்லை.
தவுனோ: காலடி இடைவெளி சீராக இல்லை,
உறக்கம் துண்டுபடுகிறது.
இது நோய் முடிவு அல்ல. மருத்துவரைப் பாருங்கள்.
ஓவுலு. செவ்வாய். காலை ஒன்பது.

இரண்டு முறை படித்தாள்.
என் தலைமேல் கைவைத்தாள்.
பயப்படாதே, நான் இருக்கிறேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.
அலமாரிக் கதவெல்லாம் அவள் கையெழுத்து:
காப்பித்தூள். மாத்திரை.
இது உப்பு, சர்க்கரை அல்ல.
அடுப்பின் மேலே: தவுனோ, அணைத்தாயா?
அணைத்தேன் என்று தினமும் பதில் சொன்னேன்.
நான் பார்க்காதபோது
அவள் உதடசைய அவற்றைப் படித்துவிட்டுத்தான்
கதவைத் திறந்தாள்.
அதையும் பார்த்தேன்.

செவ்வாய். வெளியே மைனஸ் பதினெட்டு.
பட்டைகளை உறையில் போட்டுத்
திருப்பித் தர வேண்டும்.
என் பெயருள்ளதை எடுத்துக்
கட்டைவிரலால் தடவினாள் ரைலி.
ஆலையில் காகிதத்தை நெருடிப் பார்த்தே
எண்பது கிராமா தொண்ணூறா என்று சொன்ன விரல்.

ஐந்தாம் துளையில் மடிந்திருக்கிறது, என்றாள்.
என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள்.
அவள் விரல்நுனிகள் சந்திக்கவில்லை.
உனக்கு இரண்டாம் துளையே இறுக்கம்.

எப்போது தெரியும்? என்றேன்.

தெரிந்தது.
அப்புறம் மறந்துவிட்டது.
மறுபடி தெரிந்தது.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
எனக்கு வரவில்லை.

பெயர்த்தாள்களை நகத்தால் உரித்து
இடம் மாற்றி ஒட்டினாள்.
ஒன்று கோணலாக நின்றது.
அதை மட்டும் திரும்பவும் எடுத்து ஒட்டினாள்.

வண்டியைக் கிளப்பினேன்.
கண்ணாடியில் பனி இளகும்வரை
பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.
செருமுகிறது, என்றாள்.
குளிராக இருக்கும், என்றேன்.
எதற்கும் காட்டிவிடு,
என்றாள்.